செண்பகம் டாக்டரம்மாவும் நான் சீவிய பல்லும்

சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில் கிளினிக் நர்ஸ் போன் செய்தார். “அண்ணாச்சி, நம்ம டாக்டரம்மா போயிட்டாவ.” கிண்ணத்தில் குழைத்த பிளாஸ்டர் இறுகும்வரை அப்படியே நின்றேன். செண்பகம் டாக்டரம்மா என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். இளையவர்களுக்கு அஞ்சலி எழுதிச் சலித்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். நேரமில்லை என்றார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு நேரம் இருந்தது. அதனால் தென்காசியில் அவரிடம் பல் காட்டிய உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் பல்செட் கட்டுபவன். யாரும் கற்றுத்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். வேலையில் குறை இருந்தால் மற்ற டாக்டர்கள் ஆள் அனுப்புவார்கள். இவர் தானே வந்து சண்டை போடுவார். “உங்ககிட்ட ஜெயிக்கணும்னா நான் இன்னொரு டிகிரி படிக்கணும் அண்ணாச்சி” என்பார். “படிச்சாலும் தோப்பிய” என்பேன்.

ஒருநாள் நான் கிளினிக்கில் இருந்தபோது, சுரண்டையிலிருந்து பத்தாம் வகுப்பு மகளை ஒரு அம்மா கூட்டி வந்தார். முன்பற்களின் நுனி கிழவர்களுக்குப் போலத் தேய்ந்திருந்தது.

“முறுக்கக் கடிச்சுக் கடிச்சே தேச்சுட்டா டாக்டர்.”

“நீதான சுட்டுத் தார” என்றாள் மகள்.

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தில் அவருக்குச் சந்தேகம். மாவைக் கடிக்கவைத்துப் பல்லின் அளவெடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு வார்க்க என்னிடம் தந்தார்.

அச்சில் கடைவாய்ப் பல் ஒன்று உயர்ந்து முட்டியது. அளவில் காற்றுக் குமிழி இருந்தால் பிளாஸ்டர் இப்படித் துருத்தும், கத்தியால் சீவிவிடுவோம். சீவினேன். இரண்டும் அழகாகப் பொருந்தின. அதைப் பார்த்த டாக்டரம்மா, பல் சேரும் கடி சரிதான், தூக்கத்தில் பல்லை நறநறப்பாள் போல என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வருடம் கழித்து அவள் திரும்பி வந்தாள். பச்சைத் தண்ணீருக்கே பல் கூசியது. தேய்மானம் இன்னும் இறங்கியிருந்தது. அன்று சாயங்காலம் டாக்டரம்மா என் பட்டறைக்கு வந்தார்.

“அண்ணாச்சி, அந்தக் கடைவாய்ப் பல்லைச் சீவினியளா?”

“பல்லு சேரணும்லா?”

“நீங்க சேத்துட்டிய. புள்ள வாயில சேரலயே. அந்தப் பல்லு முட்டுததால தாடை முன்னால நழுவுது. முன்பல்லு ஒண்ணோட ஒண்ணு உரசுது.”

மறுநாள் என்னை வைத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் சொன்னார்: “தப்பு என்னோடது. அச்சைப் பார்த்தேன், வாயை மறுபடி பார்க்கல.” என் பெயரை எடுக்கவில்லை. நானும் பேசாமல் நின்றேன். கம்பி கட்டிக் கடியைச் சரிசெய்தார். தேய்வது நின்றது, தேய்ந்த பல் வளரவில்லை.

வாயைப் பார்க்காமல் அச்சை நம்பியது அவர் தப்பு. அதில் இன்றும் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் அது பாதிதான். முழுவதையும் அவர் சுமந்துகொண்டு போக நான் சம்மதிக்கவில்லை. மறுபாதி என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.