மஞ்சள் கோடு போட்ட ஸ்க்ரூ

எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறக்க வேண்டுமென்றால் மாமா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதை மூடியவரும் அவர்தான். அக்காவைக் கட்டிய மாமா. ஓசூரில் ஒரு பைக் கம்பெனியில் இன்ஜின் போல்ட் முறுக்குவது அவர் வேலை. முறுக்கி முடித்ததும் போல்ட் தலையிலிருந்து இன்ஜின்வரை மஞ்சள் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு இழுப்பார்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம்.

கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் வீட்டு ஃபேன், கட்டில் கால், பாத்ரூம் குழாய் எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு உண்டு.

"உன் கல்யாணத்துல தாலி முடிச்சுலயும் ஒரு கோடு போட்டு உட்டுர்றேன் மச்சான். பொண்ணு அசையாது" என்பார்.

"மொதல்ல பொண்ணு கெடைக்கட்டும் மாமா. கெடைச்சதும் உங்க கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்பேன்.

அக்காவும் முன்பு கம்பெனி பஸ் ஏறியவள்தான். ஒயர் கோக்கும் லைனில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. பொங்கலுக்குப் பிறகு அதை விட்டுவிட்டு, வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்தாள். கிருஷ்ணகிரி ஸ்டுடியோக்காரர் ஒருவர் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சின்னச் சின்னதாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பெண்ணும் அணைப் பூங்காவில் ஓடிப்பிடித்து விளையாடியதையெல்லாம் ஒரு படமாக்கி, மண்டபத்தின் பெரிய திரையில் போட வேண்டும். அது நன்றாக வந்தால் முகூர்த்த சீசன் முழுக்க அவளுக்கு வேலை. வரவில்லையென்றால் திங்கட்கிழமையே பழைய கம்பெனிக்குப் போய்விடுவதாக சூப்பர்வைசரிடம் சொல்லிவைத்திருந்தாள். அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னால் செய்துவிடுவாள்.

கம்ப்யூட்டரோ அந்த வீடியோவைத் தாங்கவில்லை. திரையில் மாப்பிள்ளை ஓடினால் ஒரு கால் முன்னே போகும், இன்னொரு கால் டீ குடித்துவிட்டு வரும்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். நான் ஐடிஐயை முதல் வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். வாத்தியார்களும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ரோஜாத் தோட்டம் ஒன்றில் பூப்பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறேன். வண்டி நிற்கும் நேரத்திலெல்லாம் போனில் ஓவர்க்ளாக் வீடியோ பார்ப்பேன். கம்ப்யூட்டர் சாதாரணமாக ஓடும் வேகத்துக்கு மேலே அதை விரட்டுவதுதான் ஓவர்க்ளாக். மெமரி வேகமாக வேண்டும், சூடு ஏறினால் தணிக்கப் பெரிய கூலர் வேண்டும்.

"அக்கா, எங்கிட்ட உடு. ராக்கெட் ஆக்கிக் காட்றேன்" என்றேன்.

"ராக்கெட் வேணாம்டா. நின்னு ஓடினா போதும்."

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் அத்திப்பள்ளியில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், தமிழில் பாதி கன்னடம் கலந்து பேசுவார். அவரிடம் வேகமான மெமரி இரண்டும், பூனைக்குட்டி அளவுக்கு ஒரு கூலரும் வாங்கிவந்தேன். பழைய சின்ன ஃபேனைக் கழற்றிவிட்டுக் கூலரை, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மேல் வைத்தேன். நான்கு ஸ்க்ரூ. நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்குள் மாமா பிடுங்கிக்கொண்டார்.

"முறுக்கற வேலைன்னா யாரக் கூப்புடணும்?"

நான்கையும் முறுக்கி நான்கிலும் மஞ்சள் கோடு போட்டார்.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மெமரி சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. மெமரியில் கோளாறு என்று அர்த்தம். ஒன்றைக் கழற்றிவிட்டுப் போட்டால் ஓடியது. அதே மெமரியைப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் ஆரஞ்சு. இதை அங்கே, அதை இங்கே மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். எது செய்தாலும் முதல் ஸ்லாட் ஓடும், அடுத்தது ஓடாது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "உன் மதர்போர்டுக்கு இந்த மெமரி ஆகுதா நோடு குரு" என்றார். போர்டு கம்பெனியின் வெப்சைட்டில் தேடினேன். நான் வாங்கிய மெமரியின் பெயர் அதில் இல்லை.

"ரெண்டுக்கும் பொருத்தம் பாக்காமலா வாங்கிட்டு வந்த?" என்றாள் அக்கா. கல்யாண வீடியோவாகவே பார்த்துப் பார்த்து அவளுக்குப் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது.

"இல்லக்கா. லவ் மேரேஜ் பண்ணி வெக்கலாம்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெமரி இரண்டையும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் போர்டில் போட்டார். முழு வேகத்தில் ஓடியது. "மெமரி சூப்பர். போர்டு எட்த்துனு வா" என்றார்.

சனிக்கிழமை காலை போர்டைக் கழற்றி ரோஜாப் பெட்டியில் வைத்தேன். கூலரோடு வைத்தால் மூடி மூடவில்லை. அதனால் மாமாவை விட்டுக் கூலரைக் கழற்றவைத்தேன். அவர் முறுக்கியதை வேறு யார் கழற்ற முடியும்? கடையில் பெட்டியைத் திறந்ததும் வாசம் குப்பென்று வந்தது.

"ஏனு குரு, மதர்போர்டுக்கும் பூ வெச்சு கூட்டினு வந்தியா?"

"மொதல் தடவ கர்நாடகா வருது இல்ல. மரியாதையா அனுப்பி வெச்சோம்."

அவரிடமிருந்த சின்ன ஃபேன் ஒன்றை மாட்டி, என் மெமரி இரண்டையும் சொருகிச் சுவிட்சைப் போட்டார். இரண்டும் முழு வேகத்தில் ஓடின. ஆரஞ்சு விளக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "போர்டும் சென்னாகிதே, நல்லா கீது. ஒண்ணும் இல்ல, போ" என்றார். நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஓசூர் திரும்பினேன்.

வீட்டில் போர்டை மாட்டினேன். மாமா கூலரை மாட்டினார். மஞ்சள் கோடு. சுவிட்ச். ஆரஞ்சு.

அக்கா உள்ளே போனாள். பீரோவின் அடியிலிருந்து பழைய கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை எடுத்துவந்து வாளியில் ஊறப்போட்டாள். திங்கட்கிழமைக்கு. மாமா அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒருவேள லூசா இருக்குமோ?" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூடிரைவரை எடுத்து இன்னொரு சுற்று வைத்தார். போர்டு 'கிர்ர்' என்றது. குனிந்து பார்த்தேன். போர்டின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

"மாமா, இருங்க. கையை எடுங்க."

"ஏன்டா?"

"கடையில ஓடினது இங்க ஓடல. மெமரி அதேதான், போர்டு அதேதான். அங்க இல்லாதது இங்க என்ன இருக்கு?"

"கூலரு."

"கூலரு மட்டுமா?"

மாமா கூலரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "டேய், நான் முறுக்கினதுல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல."

"எப்படி மாமா வரும்? கம்ப்ளைண்ட் சொல்ல அதுக்கு உசுரு வேணாமா?"

கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். கூலரை எவ்வளவு டைட் வைத்தீர்கள் என்று கேட்டார். "பைக் இன்ஜின் டைட்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. பிராசஸருக்கு அடியில் மயிர்போல நிறைய பின்கள் இருக்கின்றனவாம். ரொம்ப அழுத்தினால் போர்டு வளைந்து, ஒரு பக்கத்துப் பின்கள் சரியாகத் தொடாமல் போகுமாம். எங்கள் போர்டில் தொடாமல் போனது மெமரிக்குப் போகிற பக்கம்.

அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, எல்லாத்தையும் கழட்டிட்டு ஸ்க்ரூடிரைவரக் குடுங்க. கையைப் பின்னாடி கட்டுங்க."

மாமா கழற்றிக் கொடுத்துவிட்டு, ஸ்கூல் பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டி நின்றார். அக்கா எதிரெதிர் மூலையாக, இரண்டே விரலால், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். ஸ்க்ரூ நின்றதும் அவளும் நிறுத்திவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குத்தான் விரல் துடித்தது. "இன்னும் ஒரே ஒரு..." என்றார்.

"வாயையும் கட்டுங்க."

சுவிட்ச். ஆரஞ்சு விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. திரை வந்தது. அதில் இரண்டு மெமரியும் தெரிந்தன. செட்டிங்கில் போய் மெமரியை முழு வேகத்துக்கு வைத்தேன், தாங்கியது. பிராசஸரையும் கொஞ்சம் ஏற்றினேன், அதுவும் தாங்கியது. இன்னும் ஏற்றலாமா என்று கையை நீட்டியபோது அக்கா மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். திரையில் மாப்பிள்ளை இரண்டு காலோடும் ஓடினான்.

சாயங்காலத்துக்குள் படம் முடிந்தது. ஞாயிறு காலை பூவோடு பூவாக நானே பென்டிரைவை மண்டபத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிசப்ஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்டுடியோக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே விசில். அடுத்த முகூர்த்தத் தேதிகளைச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா "சரிண்ணா, சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டே வந்து மாமாவின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். சந்தோஷத்துக்கா ஸ்க்ரூவுக்கா என்று நான் கேட்கவில்லை.

மாமா மஞ்சள் மார்க்கரை எடுத்துவந்து, அக்கா முறுக்கிய நான்கு ஸ்க்ரூவிலும் புதிதாகக் கோடு போட்டார்.

"இனிமே இத யாரும் தொடக்கூடாது" என்றார் கண்டிப்பாக.

"வேற யாரு மாமா தொட்டாங்க?"

திங்கட்கிழமை காலை தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. துவைத்த கோட் கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அக்கா திரையிலிருந்து தலையைத் திருப்பாமல், செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் சொன்னாள்:

"ஏங்க, போறப்ப ஊறுகா ஜாடியத் தொறந்து வெச்சுட்டுப் போங்க. மத்தியானம் நான் வீட்லதான் சாப்புடுவேன்."