தலைக்கட்டு வரியில் ஒரு சர்வர்

தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் வானமாமலையை நீங்கள் தலைவர் என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீடு வீடாகத் தலைக்கட்டு வரி பிரிக்கும் கமிட்டித் தலைவர். உலகத்துச் செலவு எதுவானாலும் கொடைக் கணக்கில் போட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் கொள்கை.

போன வருஷம் எங்கள் சந்தில் ஏழு பேர், போனில் கட்டை அடுக்கி ஊர் கட்டும் ஒரு விளையாட்டில் விழுந்தார்கள். கட்டியது அழியாமல் இருக்க இன்டர்நெட்டில் வாடகைக்கு ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வேண்டும். தலைவர் விடுவாரா? கொடைக் கணக்கிலேயே வரி போட்டுவிட்டார்.

"அண்ணே, ஆடுறது ஏழு பேரு. சின்ன பிளானே சலேகா, அதுவே போதும்," என்றான் சிம்கார்டு கடை பைசான்.

"நாளைக்குக் கூட்டம் கூடுனா எங்கலே நிறுத்துவ? பெருசா எடு!"

இருநூறு பேர் ஆடக்கூடிய சர்வர் வந்தது. முதல் மாதம் பாதி விலை. அந்தப் பாதியையே தலைவர் முழு விலை என்று நம்பினார். மிச்ச வரியில் பிரியாணியும், அவர் கைகூப்பி நிற்கும் பேனரும். சர்வருக்குப் பேனர் வைத்த மகராசன் வேறு யார்?

ஏழு பேரில் ஒருத்தி அவர் மனைவி இசக்கிசெல்வி. ஆபீஸ்காரர்களுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, மத்தியானமெல்லாம் அதில் தனக்கென்று ஒரு வீடு கட்டினாள். சுற்றிலும் தோட்டம், மாடியில் அவளுக்கு மட்டும் ஓர் அறை. பார்த்த எனக்கே பொறாமையாக இருந்தது.

இரண்டாம் மாதம் முழு வாடகை கேட்டு மெயில் வந்தது, அதுவும் டாலரில். ஒரு வாரத்தில் கட்டாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம்.

"இன்னொரு தடவ பிரிங்க அத்தான்," என்றாள் இசக்கிசெல்வி.

"ஒரு கொடைக்கு ஒரு வரிதாம்ட்டி. மறுபடி கேட்டா கமிட்டி திங்குதுன்னு பேசுவானுவ."

"அப்ப சின்ன பிளானுக்கு மாத்துங்க. டிபன் காசுல நான் கட்டுதேன்."

"பொண்டாட்டி காசுல சர்வரா? என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க!"

பாஸ்வேர்டோ தலைவர் கையில், கோயில் உண்டியல் சாவி மாதிரி. கம்பெனி முதலாளிக்குச் சால்வை போர்த்தி, அவகாசம் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். சால்வையும் வாங்கிவிட்டார். கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. வாரம் முடிந்தது, சர்வரும் முடிந்தது.

பத்துக்குப் பத்து அறையில், மாமியாருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், இசக்கிசெல்வி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொம்மை வீட்டுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அடுத்த கொடைக்கு இதவிடப் பெருசா எடுப்போம்ட்டி."

"அழணும்னா நான் அங்கதான் போவேன்," என்றாள் அவள். "இப்ப எங்க போயி அழ?"