கறுப்படித்த மூலை

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்த தேசப்படத்தைச் சாவுக் கடிதாசி என்று நினைத்துத் தெருவே கூடி அழுதது. ராசிபுரத்தில் தறிக்காரர் தெருவில் எங்கள் வீடு. பர்மாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் கணவரின் அண்ணன் ரங்கூனில் இருந்தார். நாங்கள் நெய்கிற கைலிகளை அங்கே கொண்டுபோய் விற்பது அவர் வேலை. ரங்கூனில் குண்டு விழுந்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு நூல் கொடுக்கிற கடைக்காரர் நல்ல மனுஷன். பத்திரிகையில் வந்த யுத்தப் படத்தைக் கத்தரித்து, மடித்து, பஸ்ஸில் வந்த ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கூட இரண்டு வரி எழுதி வைத்திருக்கலாம். அந்த யோசனைதான் அவருக்கு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணக் கடிதாசி என்றால் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். கறுப்பைக் கண்டதும் காகிதத்தை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகப் போகிறவர்கள் உண்டு. என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. மடிப்பைப் பிரித்தார். கீழே வலது பக்கத்து மூலை முழுக்க அப்பின மாதிரி மை. அவ்வளவுதான். "ஐயோ எஞ்சாமீ, போயிட்டியாடா!" என்று நிலைப்படியிலேயே விழுந்தார். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். நம் ஜனங்களுக்கு அழுவதற்கு ஆதாரம் கேட்கிற பழக்கம் கிடையாது.

மூத்தவரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் பின்கட்டில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தவள் அழவில்லை. மாமியார் கையிலிருந்த காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினாள்.

"அஞ்சாவது படிச்சவ நீதான புள்ள. அவரு பேரு போட்டிருக்குதான்னு பாரு."

பார்த்தேன். ஒரு பக்கம் நம் தேசம், நடுவில் கடல், அந்தப் பக்கம் பர்மா. கறுப்புக்குள் வெள்ளை எழுத்தில் ரங்கூன் என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் விளக்கம்.

"சாவுச் சேதி இல்லீங்க அக்கா. இது ஊருங்களோட படம். சப்பான்காரன் புடிச்ச எடத்துக்கெல்லாம் கறுப்பு அடிச்சிருக்கறாங்க."

வந்த பெண்கள் கூந்தலை முடிந்துகொண்டு கிளம்பினார்கள். ஒருத்தி முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அவள் செத்து எத்தனையோ காலம் ஆகிறது, எனக்கு அவள் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை.

மாமியார் சமாதானமாகவில்லை. பிடித்த ஊரில் ஆள் எப்படி உயிரோடு இருப்பான் என்பது அவர் கேள்வி. அதோடு, கறுப்பு நிலைப்படி தாண்டி உள்ளே வந்துவிட்டது, இனிமேல் காரியம் செய்யாமல் இருந்தால் சின்னவனுக்கும் ஆகாது என்று பயந்தார். அந்தச் சின்னவன் என் கணவர். மாமியாரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை போனாலும் ஒரு பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தார். ஆனால் காரியம் செய்தால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். அங்கேதான் இடித்தது.

"வாயால யாராச்சும் வந்து சொல்லட்டுங்க அத்தே. காயிதத்தப் பாத்தெல்லாம் தாலி அறுக்க முடியாதுங்க" என்றாள் அக்கா.

சாயங்காலம் படத்தைத் தரையில் விரித்து என்னை உட்கார வைத்தாள். தடிதடியாக இருந்த அம்புக்குறிகளைத் தொட்டு, இது என்ன என்றாள். சப்பான் படை போகிற வழி என்றேன். இது? வெள்ளைக்காரன் படை பின்வாங்குகிற வழி.

"சரி, நம்ம சனம் வார வழி எது புள்ள?"

தேடினேன். ரயில் பாதை இருந்தது, ஆறு இருந்தது, எண்ணெய்க் கிணறுகூட இருந்தது. ஜனங்கள் இல்லை. பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வருகிறார்கள் என்று படத்துக்கு அடியிலேயே எழுதியிருந்தது. படம் வரைந்தவருக்கு அவர்களை எங்கே போடுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. இப்போது அகதிகளுக்கும் அம்புக்குறி போடுகிறார்கள், அதுவும் தடியாக. பார்த்தால் படையெடுத்து வருகிற மாதிரி இருக்கிறது. அக்கா பார்த்திருந்தால் இதற்கும் ஏதாவது கேட்டிருப்பாள்.

அதன்பின் பத்திரிகையில் படம் வரும்போதெல்லாம் மாமியார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "கறுப்பு எது வரைக்கும் வந்திருக்குது?" அது ஒவ்வொரு தடவையும் மேலே ஏறியிருந்தது. பொய் சொல்லலாம் என்றால், மையை மறைக்க முடியுமா? கடைசியில் ஆடி பிறப்பதற்குள் காரியத்தை முடித்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள். அக்கா யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேச்சு நின்றதே தவிர ராட்டை நிற்கவில்லை.

அப்போதுதான் தம்மம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். காலில் துணி சுற்றியிருந்தது. மூத்தவரும் தானும் ஒன்றாகத்தான் புறப்பட்டதாகச் சொன்னார். சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, யார் முகத்தையும் பார்க்காமல், வழியில் வாந்திபேதி கண்டது என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா உள்ளே போய்க் கடைசியாக வந்த படத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள். "எங்கீங்க?" என்றாள். அவருக்கும் எழுத்துத் தெரியாது. நான் ஊர்ப் பெயர்களையும் ஆற்றின் பெயரையும் வாசிக்க வாசிக்க, அவர் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஆற்றைத் தாண்டி, பெயர் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்கதாம்மா. ஊரு கிடையாது. ஒரு ஓடை, சுத்தி மூங்கில் காடு."

"தனியாவா கெடந்தாரு?"

"தனியா இல்லம்மா. முன்னாடியும் ஜனம், பின்னாடியும் ஜனம். கால் வைக்க இடமில்ல."

விரலை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, வெறும் காகிதம். மாமியார் குனிந்து முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க கறுப்பு இல்லியே சாமி? நல்லாப் பாத்துச் சொல்லு. வெள்ளையாத்தான இருக்குது?"

"ஆமாங்க அத்தே, வெள்ளையாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"அப்பறம் எப்படி? இவரு எடந்தெரியாம சொல்றாரு. அவன் வந்துருவான். வெள்ளையாத்தான இருக்குது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் தாலிக்கயிற்றின் முடிச்சைத் தேடினாள்.