மஞ்சள் பஸ் நிற்கும் மூலை

பாப்பா, தம்பி, காப்பெல் ஊரில் இருந்தபோது நான் எதற்கு அத்தனை குப்பைத்தொட்டிகளைப் படம் எடுத்தேன் என்று இன்றைக்கும் கேட்டுச் சிரிக்கிறீர்கள். எழுதி வைக்கிறேன். தமிழ் வாசிக்க வராவிட்டால் அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு வேலை போயிருந்த சமயம் அது. அவள் விசாவில்தான் நாம் நால்வரும் இருந்தோம். விசாக் கெடு முடிவதற்குள் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் ஈரோட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டும். அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இன்டர்வியூ கொடுப்பாள். நான் டிப்ளமோ படித்தவன். சமையலும் கார் ஓட்டுவதும்தான் என் பங்கு. பருப்பை வேக வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன், மறுபடி வருவேன். கால் ஓரிடத்தில் நிற்காது. கை தானாகப் போனை எடுக்கும்.

தெருவோரம் வரிசையாக நிற்கும் குப்பைத்தொட்டிகள், தபால்பெட்டியின் சிவப்புக் கொடி, எதிர்வீட்டு கராஜுக்கு மேல் வலை கிழிந்து தொங்கும் கூடைப்பந்து வளையம், ஊர்ப்பெயர் எழுதின தண்ணீர் டேங்க். நயாகரா எல்லார் போனிலும் இருக்கிறது. இதெல்லாம் யாரிடம் இருக்கும்? ஊருக்குப் போய்விட்டால் நீங்கள் வளர்ந்த தெருவை எதை வைத்துக் காட்டுவேன்?

"ஏனுங்க, ஒரு படத்துலயாச்சும் ஆள் இருக்குதா?" என்றாள் அம்மா. "குப்பைத்தொட்டிய அனுப்புனா எங்கம்மா என்ன நெனைக்கும்? நம்ம பொழப்பே அதுலதான்னு நெனைக்காது?"

அதனால்தான் அன்று காலை பஸ் நிற்கும் மூலைக்குப் போனைக் கொண்டுபோனேன். மஞ்சள் பஸ் வந்து நின்றதும் பக்கவாட்டில் 'ஸ்டாப்' என்று எழுதிய சிவப்புப் பலகை கை நீட்டுமே, அதற்கு முன்னால் நீங்கள். கூடவே நின்ற மற்றப் பிள்ளைகளையும், கல்யாண வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, "கம், கம், க்ளோஸ்" என்று கையாட்டிச் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வேகமாக வந்தார். "சார், ஆர் யூ டேக்கிங் பிக்சர்ஸ் ஆஃப் அவர் கிட்ஸ்?"

 பாப்பா, நீதான் நடுவில் வந்தாய். "ஹி இஸ் மை டாட். ஹி டேக்ஸ் பிக்சர்ஸ் ஆஃப் மெயில்பாக்ஸஸ். லிட்ரலி, மெயில்பாக்ஸஸ்." போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாய். கூடைப்பந்து வளையம் வந்ததும் அவர் விரலை வைத்து நிறுத்தினார். "தட்ஸ் மை ஹூப்!" சிரித்துவிட்டார். ஆனாலும் பிள்ளைகள் படத்தை தன் கண்முன்னே அழிக்கச் சொன்னார். அழித்தேன். அவர் கேட்டதும் நியாயம்தான்.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பக் காரில் ஏறியதும் நீ ஆரம்பித்தாய். "அப்பா, யூ கான்ட் டூ தட் ஹியர். இட்ஸ் சோ எம்பாரஸிங்."

"ஊருக்குப் போயிட்டா அப்புறம் எங்க கண்ணு எடுக்கறது?"

வாய் தவறி வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதில்லை என்று நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். நீ சீட் பெல்ட்டைப் பிடித்தபடி, "ஆர் வீ லீவிங்?" என்றாய். பின்சீட்டில் தம்பி சிப்ஸ் மெல்வதை நிறுத்தினான்.

"தெரியல" என்றேன். வேறு என்ன சொல்ல? 

கெடு முடியும் தறுவாயில் வெகுதூரத்தில் இருக்கும் பிஸ்கட்டவே ஊரில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. ஈரோடு தள்ளிப்போனது. காப்பெல் போனது போனதுதான்.

கிளம்பிய அன்று நீங்கள் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு, வீட்டுச் சாவியை உள்ளே மறந்துவிட்டேன் என்று சொல்லி இறங்கினேன். சாவி பையில்தான் இருந்தது. அந்த மூலைக்கு நடந்தேன். யாரும் இல்லை. நீங்கள் தினமும் நின்று நின்று அந்த இடத்தில் மட்டும் புல் தேய்ந்து மண் தெரிந்தது. அதன் மேல், தம்பியின் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அங்கிருந்து தெரிந்த தெருவை ஒரு படம் எடுத்தேன்.