வேன்காரரின் சதுரக் காசு

பழைய காசு சேர்க்கும் நாங்கள் ஞாயிறுதோறும் மலேசியாவின் சிகாமட் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடி, புதிதாகக் கிடைத்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். அங்கே பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் வருவார். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்ன மூக்கு. எந்தக் காசைக் கொடுத்தாலும் அந்த மூக்கில் வைத்து முகர்ந்த பிறகுதான் கண்ணால் பார்ப்பார்.

ஒருநாள் டிஷ்யூவைப் பிரித்து, மலாயாக் காலத்துச் சதுரமான ஒரு சென் காசை மேசையில் வைத்தார்.

"பக்கத்து ஊரு சாஆவுல ஒருத்தர்கிட்ட கெஞ்சி, என்கிட்ட இருந்த மூணு நல்ல காசக் கொடுத்து மாத்திக்கிட்டு வந்தேன். இந்த மாதிரி யாருகிட்டயும் இல்ல லா."

காசில் பதித்திருந்த ராஜா தலையின் காதோரம் ஒரு கீறல். எனக்கு நன்றாகத் தெரிந்த கீறல். சொல்லலாமா வேண்டாமா என்று முன்னால் இருந்த தே தாரிக் டீ ஆறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணே, இது போன வருசம் நீங்க எனக்கு மாத்திக் கொடுத்த காசு. நான்தான் அந்த சாஆக்காரருக்குக் கொடுத்தேன்."

அவர் காசை எடுத்து நிதானமாக முகர்ந்தார்.

"அதான் வாசனை பழக்கமா இருந்துச்சு," என்றார். பிறகு என்னைக் கோபமாகப் பார்த்தார். "இவ்வளவு நல்ல காசக் கொடுக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.