ஏரி என்றும் ஏரி என்றும்

என் அலமாரியில் அக்கா எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. கையகலப் புத்தகம்தான். சட்டைப் பையில்கூட வைத்துக்கொள்ளலாம். தாள் பழுப்பேறி, தொட்டால் உதிரும் பதத்தில் இருக்கிறது. புரட்டிக்கொண்டே போனால் நடுவில் ஒரு பக்கத்தில், ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக ஓட்டை விழுந்திருக்கும். "பூச்சி அரிக்கிற வரைக்குமா விட்டு வைக்கிறது? ரெண்டு பாச்சை உருண்டையைப் போட்டு வைக்கக் கூடாதா?" என்று என் மருமகள் ஒருமுறை கேட்டாள். பூச்சிக்கு எதற்கு வீண்பழி? அது அக்கா அரை பிளேடால் சுரண்டிய ஓட்டை.

அக்கா திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. நான் ஆத்தூர்ப் பக்கம் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஐம்பதுகளின் பிற்பகுதி அது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவரும் அம்மாவும்தான். வித்வான் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அக்காவுக்கு ஓலைச்சுவடிக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. விளக்குக்கரியில் கோவை இலைச் சாற்றைக் குழைத்து ஓலையில் தேய்ப்பாள். துணியால் துடைத்தால் கீறல்களில் மட்டும் கரி தங்கி எழுத்து தெளியும். அவள் கட்டைவிரலில் அந்தக் கரி போகவே போகாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, கரி விரலோடு கைகூப்பி நிற்பாள்.

ஒருமுறை பெண் பார்க்க வந்த அம்மாள் அந்த விரலைப் பார்த்துவிட்டு, "டீச்சர் வேலைக்குப் போனாலும் அடுப்படி வேலை எல்லாம் நல்லாத் தெரியும் போல" என்று மெச்சினார். அம்மாவும் நானும் வாயைத் திறக்கவில்லை. அக்காவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "இது அடுப்புக்கரி இல்லைங்க. ஓலைக்குப் பூசுனது. எனக்கு ரசம் வைக்கவே வராது" என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. ஒரு பொருளைப் பார்த்து யாராவது தப்பாக முடிவு கட்டினால், அது தனக்கே லாபமாக இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. எனக்கு அவள்மேல் இருந்த கோபமும் பெருமையும் இந்த ஒரே குணத்தால் வந்தவை.

சுற்றுவட்டாரத்துக் குளங்களுக்கும் ஊர்களுக்கும் ஒரு வரலாறு எழுதவேண்டும் என்பது அவள் ஆசை. கதைக்கு எங்கும் பஞ்சமில்லை. எந்த ஊரில் கேட்டாலும் ஒரு ராஜா குதிரையில் வந்து இறங்கியிருப்பார், தண்ணீர் கேட்டிருப்பார், தங்கக் காசு கொடுத்திருப்பார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை யார் சொன்னது? எப்ப சொன்னது? யாருக்காகச் சொன்னது?" என்று ஆரம்பிப்பாள். "மாப்பிள்ளைகிட்டயும் இதைத்தான் கேப்பா இவ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

மடைக்காரர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது என் பஸ்ஸில்தான். ஆத்தூருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு கிராமத்துக் குளத்தில் மடையைத் திறந்து அடைக்கிற வேலை அவருக்கு. மடியில் மஞ்சள் துணி சுற்றிய ஓர் ஓலைக்கட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். திண்டுக்கல் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு, "தம்பி, உங்கக்கா ஓலை படிப்பாகளாமே?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் குளத்துத் தண்ணீர் முதலில் மேலத்தெருக்காரர்கள் வயலுக்குப் பாயும். மிஞ்சினால்தான் கீழத்தெருவுக்கு. மழை பொய்த்த வருஷங்களில் மிஞ்சாது. மடைக்காரர் கீழத்தெருக்காரர். தன் கையால் மடையைத் திறந்துவிட்டு, தன் பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பவர். மேலத்தெருப் பெரிய குடும்பத்துக்கு 'ஏரி கண்டவர் வம்சம்' என்று பட்டமே உண்டு. அவர்களுடைய முன்னோர் குளம் வெட்டிய பிறகுதான் கீழத்தெருக்காரர்கள் பிழைக்க வந்தார்களாம். கீழத்தெருவில் வேறு கதை சொன்னார்கள். மேட்டில் முதலில் குடியிருந்தது அவர்கள்தானாம். யாரோ தீ வைத்துத் துரத்தியதால் பள்ளத்துக்கு இறங்கினார்களாம். தொடர்ந்து மழை இல்லாமல் போகவே அவர்கள் தாசில்தாருக்கு மனுக் கொடுத்தார்கள். எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், தண்ணீர் முறையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். மடைக்காரர் வீட்டுப் பரணில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த அந்த ஓலைக்கட்டில் தங்கள் கதை இருப்பதாக அவர் நம்பினார். படிக்கத்தான் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அக்கா ஓலைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் படித்தாள். மடைக்காரர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, அக்கா "நீங்க நின்னா நானும் நிக்கிறேண்ணே" என்றதும் நுனியில் உட்கார்ந்தார். குளத்தின் எல்லை, கோயிலுக்கு விட்ட நிலம் என்று என்னென்னவோ வந்தது. பிறகு ஓர் ஓலையில் அக்காவின் குரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து படித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

'எரி கண்ட பின் கீழ்க்குடியார் பெயர்ந்து வந்து' என்பது அந்த வரி. "இதேதான் டீச்சர், இதேதான்!" என்று மடைக்காரர் எழுந்தேவிட்டார். அக்கா அவரை உட்காரச் சொன்னாள். அந்தக் காலத்து ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்றாள். குறில் என்றால் தலைமேல் ஒரு புள்ளி வைக்கவேண்டும் என்று இலக்கணம் உண்டு. ஆனால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துபோகும் என்று எழுதுகிறவர்கள் வைக்காமலே விட்டுவிடுவார்கள். நெடிலுக்குக் கீழே நாம் போடுகிற கோடு பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் சேர்த்தது. ஆகவே இது எரியாகவும் இருக்கலாம், ஏரியாகவும் இருக்கலாம். தீயைக் கண்ட பின் வந்தார்கள் என்றால் கீழத்தெருக்காரர்கள் முன்பே மேட்டில் இருந்தவர்கள். ஏரி கண்ட பின் வந்தார்கள் என்றால் அவர்கள் பிழைக்க வந்தவர்கள். "அந்தச் சாமியார் கொஞ்சம் முந்திப் பொறந்திருக்கலாம்" என்று நான் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மடைக்காரர் ஓலைமேல் குனிந்து பார்த்தார். "எந்த எழுத்து டீச்சர்?"

அக்கா கரி விரலால் காட்டினாள்.

"இதுக்கு மேல ஒரு புள்ளி இருந்தா எங்க பக்கம் ஆயிருமா?"

"ஆமாண்ணே."

"இல்லைன்னா?"

"யார் பக்கமும் இல்லை."

அவர் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வீட்டுல ஊசி இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

"இருக்கு. தரமாட்டேன்."

"நான் குத்த மாட்டேன் டீச்சர். எழுதப் படிக்கத் தெரியாத கை, கோணிரும். நீங்க குத்துங்க."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒரு புள்ளி வச்சுட்டேன்னா, அப்புறம் இந்தக் கட்டுல இருக்கிற எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லைண்ணே. நானே நம்ப முடியாது" என்றாள்.

அவர் போன பிறகு நான் கத்தினேன். எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு புள்ளிக்கா இம்புட்டு வீம்பு? அம்புட்டுப் பேரு வயிறு காயுது. ஓலை கிழிஞ்சா கிழியட்டுமே!" அக்கா ஓலைகளை அடுக்கிக் கயிறு கட்டினாள். முடிச்சு விழாமல் அவள் மறுபடி மறுபடி கட்டுவதைப் பார்த்ததும் என் சத்தம் அடங்கியது. கோபம் அடங்கவில்லை.

அதோடு அவள் விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது அநியாயம். லீவு நாட்களில் எல்லாம் என் பஸ்ஸில் ஏறி அந்த ஊருக்குப் போனாள். எரி என்பதற்கு ஆதாரம் தேடித்தான் போனாள். அதே ஓலைக்கட்டில் மற்ற இடங்களில் எல்லாம் குளம் என்றே எழுதியிருக்கிறது, நம் பக்கத்தில் யாரும் ஏரி என்று சொல்வதும் இல்லை, இங்கே மட்டும் எதற்கு ஏரி வரவேண்டும் என்று கண்கள் மின்னக் கேட்டாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. மறுநாளே அவளே அதை உடைத்தாள். மேலத்தெருக்காரர்கள் பட்டத்தில் ஏரி இருக்கிறதே, அதைக் கேட்டுப் பழகியவன் அப்படி எழுதியிருக்கலாமே என்றாள். மேட்டில் கிணறு வெட்டியபோது சாம்பல் கலந்த மண் வந்தது. ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செங்கல் சூளை போட்ட இடமாக்கூட இருக்கலாம்டா" என்றாள். கடைசி ஓலையில், வேறொரு பழைய ஓலையைப் பார்த்து எழுதியது என்று எழுதியவன் குறித்திருந்தான். மூல ஓலையில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? எதிராளியின் வக்கீல் கேட்கவேண்டியதை எல்லாம் இவளே தனக்குத்தானே கேட்டு, இவளே தோற்றுக்கொண்டிருந்தாள்.

விசாரணை குளத்துக்கரையில் நடந்தது. மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கம், கீழத்தெருக்காரர்கள் ஒரு பக்கம். தாசில்தாருக்கு மட்டும் நாற்காலி. அன்று லீவு போட்டுவிட்டு நானும் போயிருந்தேன். அக்கா ஓலையைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஏரியா, எரியா? ஒண்ணைச் சொல்லுங்கம்மா" என்றார்.

"எரின்னு படிக்கத்தான் எனக்குக் காரணம் கூடுதலாத் தெரியுது. ஆனா அதுதான்னு சாதிக்க முடியாதுங்க. ரெண்டு மாதிரியும் படிக்கலாம்."

"அப்ப பழைய வழக்கப்படியே இருக்கட்டும்" என்று எழுதிக்கொண்டு அவர் எழுந்துவிட்டார்.

தெரியாது என்பதும் ஒரு பக்கத்துக்குச் சாதகம்தான், ஏற்கெனவே தண்ணீர் பாய்கிற பக்கத்துக்கு. இதை அக்கா அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது தானாகச் சொன்னாள். சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது. சரியாக இருந்து என்ன பிரயோஜனம் என்றும் தெரிந்தது.

அடுத்த வாரம் மடைக்காரர் என் பஸ்ஸில் வந்தார். அக்காவிடமிருந்து ஓலைக்கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார். முன்போலவே மடியில் வைத்துக்கொண்டார். "அக்கா பொய் சொல்லல தம்பி. எங்களுக்கு வேண்டியதையும் சொல்லல. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். விசில் ஊதினேன். பஸ் நகர்ந்தது.

அறுபதுகளில் அக்கா தன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக அச்சடித்தாள். ஊரில் இருந்த ஒரு சிறிய அச்சகத்தில் வேலை நடந்தது. அந்த வரிக்கு இரண்டு பக்கத்துக்கு எழுதிய காரணங்களை அச்சுச் செலவுக்குப் பயந்து எடுத்துவிட்டு, 'இதை எரி என்றும் ஏரி என்றும் படிக்கலாம், முன்னதே பொருத்தம்' என்று முடித்திருந்தாள். விசாரணையில் பயன்படாதது புத்தகத்திலாவது இருக்கட்டும், என்றைக்காவது ஒருவருக்கு உதவும் என்பது அவள் எண்ணம். மடைக்காரருக்கு முதல் பிரதியைக் கொடுக்கவேண்டும் என்று எடுத்து வைத்தாள். பிரித்துப் பார்த்தாள். 'இதை ஏரி என்றும் ஏரி என்றும் படிக்கலாம், முன்னதே பொருத்தம்.'

அச்சுக் கோத்தவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. டீச்சர் அவசரத்தில் கோடு போட மறந்துவிட்டார்கள் என்று மரியாதைக்குத் திருத்தியிருக்கிறார். அக்கா முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் சவர பிளேடை இரண்டாக உடைத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஏகாரத்தின் கோட்டை மட்டும் பிரதி பிரதியாகச் சுரண்டினாள். ஓலையில் ஒரு புள்ளி வைக்க மாட்டேன் என்றவள், தாளில் ஒரு கோட்டை அழிக்க மாலை மாலையாக உட்கார்ந்தாள். மட்டமான தாள். பாதிப் பிரதிகளில் கோட்டோடு எழுத்தும் போய்விட்டது. எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியையாவது பத்திரப்படுத்தலாம் என்று அச்சகத்தில் போய்க் கேட்டேன். பழைய காகிதத்தோடு போட்டாயிற்று என்றார்கள்.

அக்கா போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. மடைக்காரர் அவளுக்கு முன்பே போய்விட்டார். பிரதிகள் யார் யார் வீட்டிலோ போய் மறைந்தன. என்னிடம் இருப்பது ஒன்றுதான்.

போன மாதம் ஓர் இளைஞன் வீடு தேடி வந்தான். மடைக்காரரின் பேரன். குளத்துக்கரையில் 'ஏரி கண்டவர் வளைவு' என்று சிமென்டில் கட்டப்போகிறார்களாம். அதை எதிர்த்து எழுதிக் கொடுக்க ஆதாரம் வேண்டும் என்றான். ஓலைக்கட்டு எங்கே என்று கேட்டேன். "தாத்தாவுக்கு அது உசிரு. அதனால அவரு கூடவே சிதையில வச்சுட்டாக" என்றான். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

ஓட்டை வழியாக அடுத்த தாளில் இருந்த ஏதோ ஓர் எழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பையன் விரல் வைத்து நிதானமாகப் படித்தான். "இதை நரி என்றும் ஏரி என்றும் படிக்கலாம், முன்னதே பொருத்தம்." தலையை நிமிர்த்தி, "நரியா தாத்தா?" என்று கேட்டான்.

தாளுக்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்தேன். அந்த 'ந' மறைந்தது. அந்த இடத்தில் என் தோல்தான் தெரிந்தது.

"எரி" என்றேன். "எரின்னுதான் எழுதியிருந்தா."

பையன் பேனாவைத் திறந்தான். "அது வேற எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லை."

"வேற யாராச்சும் பாத்திருக்காகளா?"

"நான்தான் பாத்தேன். நான் சொல்றேன்ல."

சொல்லும்போதே என் காதில் அக்காவின் குரல் கேட்டது. யார் சொன்னது, எப்ப சொன்னது, யாருக்காகச் சொன்னது? பையன் என்னையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.