கோயிலுக்குள் அகப்பட்ட பல்செட்டுக்காரர்

பல்செட்டு செய்து பிழைக்கிற மனுஷர் அவர். அவர் செய்த பல் வாயிலிருந்து கழன்று விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. கழற்ற முடியாமல் பல்லோடு தூங்கியவர்கள்தான் உண்டு. அப்பேர்ப்பட்ட கைக்கு, பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் கோயில் கட்டும் ஆசை பிடித்தது.

மேஜைமேல் தொடங்கிய கோயில் தரைக்கு இறங்கி, கூடத்தை விழுங்கி, இருந்த ஒரே ஜன்னலையும் மறைத்தது. மனைவியின் தையல் மிஷின் குளியலறை வாசலுக்குப் போயிற்று. அங்கே மங்கல் பல்பில் ஊசி கோத்துக் கோத்து அவள் கண் சிவந்தது. "கண்காட்சிக்குப் போயிடும், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார். உள்ளங்கை அகலத்தில் வாசல், வாசலில் கட்டைவிரல் உயரத்துக்குப் பக்தர்கள் என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

கண்காட்சி வண்டி வருகிற நாள். மனைவி தைத்த துணி கொடுக்கப் போயிருந்தாள். கூரையில் ஒரு ஓட்டைதான் பாக்கி. மேலிருந்து ஒட்டினால் பசை வழிந்து அசிங்கமாகும் என்று, ஓட்டை வழியாக உள்ளே இறங்கிக் குந்திக்கொண்டு அடியிலிருந்து மூடினார். எந்தப் பசையால்? பல்செட்டுக்கு ஊற்றுகிற அதே சரக்கால்! அது இறுகி, "அடடா, என்ன சுத்தம்!" என்று தன்னையே மெச்சிக்கொண்ட பிறகுதான், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது மண்டையில் உறைத்தது.

முதுகால் முட்டினார், தோளால் தள்ளினார். பசையா அசையும்? முழங்கால் மோவாயில் இடிக்க, பக்தர்களை விரலால் ஒதுக்கிவிட்டு, வாசலில் மூக்கை வைத்து மூச்சு வாங்கினார்.

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். கோயில் வாசலில் ஒரு மூக்கு.

"கும்பிடணுமா?"

"விளையாடாதடி. மூச்சு முட்டுது."

"வெளிச்சம் இருக்கா?"

"ஏது!"

"காலை நீட்ட முடியுதா?"

"எங்க நீட்டுறது?"

"எனக்கும் ரெண்டு வருஷமா அப்படித்தாங்க."

வாசலில் இருந்த மூக்கு உள்ளே போயிற்று.

"சுத்தியல் எடுக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! கண்காட்சிக்கு முழுசாப் போகணும்."

"போகட்டுமே. நீங்களும் உள்ளேயே போங்க. டிக்கெட் போட்டுக் காட்டுவாங்க."

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. வாசல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது.

"பல் ராவுற மிஷினைக் குடு."

கொடுத்தாள். உர்ரென்று சத்தம் கேட்டது. ஆனால் முன்பக்கச் சுவரில் கீறல்கூட விழவில்லை. மனுஷர் திரும்பி உட்கார்ந்து, ஜன்னலை மறைத்த பின்சுவரை ராவிக்கொண்டிருந்தார். அது பெயர்ந்து விழுந்ததும், உள்ளங்கை வாசல் வழியாக வெயில் பாய்ந்து குளியலறை வரைக்கும் போயிற்று. அப்புறம்தான் முனகிக்கொண்டே முன்சுவரை அறுத்தார்.

தலையெல்லாம் தூளாகத் தவழ்ந்து வந்து, தரையில் காலை நீட்டிப் படுத்தார். வண்டிக்காரர்கள் வீட்டு வாசலில் வாயைப் பிளந்து நின்றார்கள்.

"சார், இதுல எதை ஏத்துறது?"

மனைவி தையல் மிஷினை இழுத்துவந்து, சுவர் அறுந்த கோயிலுக்குள் ஜன்னல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சும்மா நிக்காம ஒரு கை குடுங்க தம்பி" என்றாள்.